ஏகே ஜேம் ஆகவே ஆகாதா? ஹட்டன் தேத்தண்ணிக் கடையில தொடங்கின சண்டை

பனிக்காட்டான் (நானுஓயா)

நேத்து ஹட்டன்ல மாமாவோட பெரிய வாக்குவாதம். கடை டிவியில செய்தி ஓடிக்கிட்டிருந்திச்சி. வழக்கமான செய்திதான், ரி-56 ரக துப்பாக்கியோட யாரையோ புடிச்சிட்டாங்க. மாமா தேத்தண்ணிய வச்சிட்டு ஆரம்பிச்சிட்டாரு: "அதெல்லாம் ஏகே-47 சாதி. சேத்துல பொதைச்சி வச்சி பத்து வருசம் கழிச்சி எடுத்தாலும் சுடும். அமெரிக்காக்காரன் எம்16 இருக்கே, மழை தூறினா ஜேம் ஆகி, ரவை சிக்கி நின்னுரும்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "அப்ப ஏன் மாமா அமெரிக்காக்காரன் அறுபது வருசமா அதையே வச்சிருக்கான்?"னு கேட்டுட்டேன். கடையில இருந்த நாலு பேரும் மாமா பக்கம். நான் தனி ஆள்.

விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. எது எங்க பாவிச்சாங்க, எது எங்க கைவிட்டிச்சி, ஏன்? வீடியோ கேம்ல பார்த்த கதை வேணாம்.

மாத்தளை_மைனர்

டீ 56ன்னா டிஆர்ஐ 2025 மாதிரி ஏதோ தேயிலைக் கன்று வகைனு நெனச்சிக்கிட்டிருந்தேன் ரொம்ப நாளா. சத்தியமா. எங்கப்பா நர்சரியில வேலை.

ரோலர்ரூம் (தலவாக்கலை)

தம்பி பனிக்காட்டான், நான் துவக்குக்காரன் இல்ல. முப்பத்தொரு வருசம் தேயிலை ஃபெக்டரியில பிட்டரா இருந்தவன். ஆனா மெசின்னா மெசின்தான், அதுல ரெண்டு வார்த்தை சொல்லலாம்.

ஏகேயும் எம்16உம் ஒரே வேலையதான் செய்யுது. ரவை வெடிக்கிறப்ப குழல்ல வர்ற வாயுவுல கொஞ்சத்த எடுத்து, அந்த வேகத்துல வெறுங்கூட்ட வெளிய தள்ளி, அடுத்த ரவைய உள்ள ஏத்தணும். ஏகேல அந்த வாயு மேல ஒரு பிஸ்டன அடிக்கும். அந்த பிஸ்டனும் பின்னால ஓடுற கனத்த இரும்பும் ஒண்ணாவே சேர்ந்திருக்கும். அரைக் கிலோ அளவு இரும்பு முன்ன பின்ன ஓடுது. கொஞ்சம் கரி, கொஞ்சம் மண்ணு இருந்தாலும் அந்த பாரமே தள்ளிக்கிட்டுப் போயிரும். எங்க பழைய ரோலர் மேசை மாதிரி. கல்லு விழுந்தாலும் அரைச்சிட்டு சுத்தும்.

எம்16ல பிஸ்டன் கம்பியே கிடையாது. ஒரு மெல்லிய குழாய் வாயுவ நேரா பின்னால கொண்டுவந்து ஓடுற பாகத்துக்குள்ளயே விட்டுரும். பாரம் குறைவு, ஆட்டம் குறைவு, குறி நல்லா நிக்கும். ஆனா சூடும் கரியும் உள்ளுக்குள்ளதான் வந்து சேரும்.

இன்னொண்ணு, எல்லாரும் விட்டுர்ற விசயம்: ரவையோட உருவம். ஏகேயோட 7.62க்கு 39 (மில்லிமீட்டர்ல குறுக்களவும் கூட்டு நீளமும்) ரவைக் கூடு நல்லா சரிவா, அடி பெருத்து நுனி சிறுத்து இருக்கும். அந்த மகசின், அதான் ரவை அடுக்குற பெட்டி, வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிருக்கிறது அழகுக்கு இல்ல, சரிவான கூடுகள அடுக்கினா தன்னால வளையும். எம்16 ரவைக்கூடு கிட்டத்தட்ட நேர் உருளை. கடை கிளாஸ ஒண்ணுக்குள்ள ஒண்ணு போட்டு பாரு. கொஞ்சம் மேல தூக்கினதுமே சுத்தி விட்டுரும், ஏன்னா சரிவு. அதுவே ரெண்டு நேர் பைப்ப ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகினா, கடைசி நூல் வரைக்கும் உரசிக்கிட்டேதான் வரும். ரவைக்கூடு அறையில ஒட்டிக்கிற பிரச்சினை ஏகேக்கு ஏன் கொறைவுன்னா பாதிக் காரணம் இதுதான்.

இப்ப மாமா ஜெயிச்சிட்டார்னு நெனைக்காத. இன்னும் முடிக்கல. பேத்திக்கு சோறு ஊட்டணும், பொறவு வர்றேன்.

தியத்தலாவை_82

பிட்டர் அண்ணே சொன்னது சரி. நான் கொஞ்ச காலம் வொலண்டியர் படையில இருந்தேன். எங்கன்னு கேக்காதீங்க. கையில ரி-56தான். அதாவது 1956ல சீனாக்காரன் ரஷ்யாக்காரன பார்த்து செய்ய ஆரம்பிச்ச ஏகே. தூரத்துல இருந்தே கண்டுபுடிக்கலாம்: முன் குறி முள்ளச் சுத்தி முழு வளையம் இருக்கும், ரஷ்ய ஏகேல மேல திறந்திருக்கும்.

"ஜேம் ஆகாது"ன்னு சொல்றவங்க யாரும் அதை துடைச்சதில்ல. எங்க ஊர் பனிக்கு அது தெரியும். காலையில எண்ணெய் போட்டு துடைச்சி வைப்போம், பின்னேரம் பார்த்தா வெளிப்பக்கம் செம்பட்டை ஏறியிருக்கும். மண்ணு தூசிய விட ஈரம்தான் எங்க எதிரி. நாலுக்கு ரெண்டு அங்குல ஃபிளனல் துண்டு, அதை குழலுக்குள்ள இழுக்கிற புல்த்ரூ கயிறு, எண்ணெய் டின், இந்த மூணும் இல்லாம படுக்கப் போனா அடுத்த நாள் திட்டு. ஆனா உள்ள, குழலுக்குள்ள துரு புடிக்கல. ஏன்னா குழலுக்கு குரோம் பூசியிருக்கும். துடைக்கிற கருவிகூட தோள்ல வைக்கிற கட்டைக்குள்ளயே ஒரு சின்ன மூடி போட்ட குழியில இருக்கும். செஞ்சவன் சோம்பேறி சிப்பாய மனசுல வச்சி செஞ்சிருக்கான்.

நான் பார்த்த ஜேம் எல்லாமே மகசின்தான். உதடு நெளிஞ்ச மகசின். மேல ரவைய புடிச்சிருக்கிற ரெண்டு தகட்டு ஓரம் இருக்கே, அது விரிஞ்சிட்டா ரவை மூக்க தூக்கிக்கிட்டு நிக்கும். துவக்க பழி சொல்லுவோம். மகசின மாத்தினா சரியாயிரும். ஒண்ணு இருந்திச்சி, அதுக்கு யாரோ பெயிண்ட்ல சிவப்புக் குறி போட்டிருந்தாங்க, "இவனைத் தொடாதே"ன்னு அர்த்தம். புதுசா வர்றவன் கையிலதான் அது எப்பவும் மாட்டும்.

வரலாற்று_வாத்தியார் (பதுளை)

எம்16இன் கெட்ட பெயருக்கு ஒரு தேதியும் இடமும் இருக்கின்றன. அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நடப்பது சரியல்ல.

யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த துப்பாக்கி அது. 1959இல் கோல்ட் நிறுவனம் உரிமையை வாங்கியது. 1965 நவம்பரில் வியட்நாமின் யா டிராங் பள்ளத்தாக்கில் நடந்த சண்டையில் அமெரிக்கப் படை அதைப் பயன்படுத்தியது. அந்தப் படைத் தளபதி பிறகு அதைப் புகழ்ந்தே பேசினார். ஒன்றரை வருடம் கழித்து, 1967 ஏப்ரல், மே மாதங்களில் கே சான் பக்கத்துக் குன்றுகளில், 861, 881 என்று இலக்கமிட்ட மேடுகளில், மரீன் படையினர் அதே துப்பாக்கியோடு ஏறினார்கள். பனி, மழை, சேறு, நம்ம ஊர் மாதிரி இடம். துப்பாக்கிகள் நின்றுபோயின. துப்புரவுக் கம்பியைக் குழலுக்குள் விட்டு, ஒட்டிய கூட்டைத் தள்ளிக்கொண்டிருந்த நிலையிலேயே செத்துக் கிடந்தவர்களைப் பற்றிக் கடிதங்கள் ஊருக்குப் போயின. அமெரிக்க நாடாளுமன்றத்தில் இச்சோர்ட் என்பவர் தலைமையில் உப குழு அமைத்து விசாரித்தார்கள். 1967 அக்டோபரில் வந்த அறிக்கை, இந்த அலட்சியம் குற்றத்தின் விளிம்பில் நிற்கிறது என்ற அளவுக்குப் போனது.

காரணம் என்ன? மூன்று. ஸ்டோனர் சோதித்தபோது இருந்த வெடிமருந்து வேறு. இராணுவம் பிறகு மாற்றிய உருண்டை வகை மருந்து வேறு. அது கரியை அதிகம் விட்டது, சுடும் வேகத்தையும் கூட்டியது. இரண்டாவது, அறைக்கும் குழலுக்கும் குரோம் பூசவில்லை. வெப்பமண்டல ஈரத்தில் அறை அரித்தது, கூடு ஒட்டியது. மூன்றாவதுதான் மோசம்: இந்தத் துப்பாக்கியைத் துடைக்கத் தேவையில்லை என்ற பேச்சு பரவியிருந்தது. துடைக்கும் கருவியும் போதிய அளவு கொடுக்கப்படவில்லை.

அறைக்குக் குரோம் பூசினார்கள், மருந்தைத் திருத்தினார்கள், துடைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். சிப்பாய்களுக்குப் படக்கதை வடிவில் ஒரு கையேடே அச்சடித்தார்கள். அதற்குப் பிறகு வந்த எம்16ஏ1 பற்றி இத்தனை கடிதங்கள் வரவில்லை.

அதாவது, தம்பியின் மாமா சொல்வது 1967ஆம் வருடத்துக் கதை. அன்றைக்கு அது உண்மை.

பனிக்காட்டான்

சேர், அப்ப கடையில நான் தோத்தது 1967லயா. சந்தோசம்.

கொழுந்துக்கூடை (பண்டாரவளை)

எண்கள் வேணும்னா நான் தர்றேன். 2007ல அமெரிக்க இராணுவம் தூசிச் சோதனை ஒண்ணு நடத்திச்சி. நாலு வகை: எம்4, எச்கே416, ஸ்கார், எக்ஸ்எம்8. ஒவ்வொண்ணுலயும் 10 துப்பாக்கி, துப்பாக்கிக்கு 6,000 ரவை, மொத்தம் வகைக்கு 60,000. மாவு மாதிரி தூசிய ஊதிட்டு, அப்புறம் சுட்டாங்க. தடங்கல் கணக்கு:

எம்4: 882
எச்கே416: 233
ஸ்கார்: 226
எக்ஸ்எம்8: 127

எம்4னா எம்16ஓட குட்டைத் தம்பி. சுமார் 68 ரவைக்கு ஒரு தடங்கல். மத்த மூணும் பிஸ்டன் வகை. பார்த்தவுடனே "ஆஹா, பிஸ்டன்தான் ராஜா"ன்னு எல்லாரும் எழுதித் தள்ளினாங்க.

ஆனா அந்த 882ஐ பிரிச்சிப் பார்க்கணும். 643தான் துப்பாக்கியோட தப்பு, 239 மகசினால வந்தது. தியத்தலாவை அண்ணன் சிவப்புக் குறி மகசின சொன்னாரே, அதே கதை ஆய்வுகூடத்துலயும். அதோட, அதே வருசம் முன்னால நடந்த சோதனையில எம்4க்கு வந்த தடங்கல் 307தான். சில மாசத்துல அதே துப்பாக்கி மூணு மடங்கு கெட்டுப் போயிருச்சா? சோதனை முறை, மகசின், ரவைத் தொகுதி எது மாறினாலும் எண் ஆடும்.

இன்னும் ஒண்ணு. இந்தச் சோதனைய காட்டி "ஏகேதான் சிறந்தது"ன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. அந்த நாலுல ஏகேயே இல்ல!

வன்னிக்குப்போனவன்

வாசிச்சுக்கொண்டு வந்தன். எனக்கு ஒரு சங்கடம், சொல்லித்தான் ஆகவேணும்.

எங்கட அப்பப்பா கொட்டகலைப் பக்கத்துத் தோட்டம். 77 கலவரத்துக்குப் பிறகு குடும்பமா கிளிநொச்சிக்குப் போனவை. நான் அங்க பிறந்தனான், அதால என்ர பேச்சு இப்பிடி. நீங்கள் கதைக்கிற துவக்குகள் எல்லாத்தின்ர சத்தமும் எனக்குத் தெரியும். எண்ணிக்கையா இல்லை, சத்தமா. எது எத்தினை தரம் நிண்டது எண்டு கிரிக்கெட் புள்ளி மாதிரி எழுதுறியள். நிக்காமல் சுட்டதுதான் எங்களுக்குப் பிரச்சினையா இருந்தது.

கோவிச்சுக்கொண்டு எழுதேல்லை. எழுதவேணும் போல இருந்தது, அவ்வளவுதான்.

மட்டறுத்துநர்

இழையை மூடவில்லை. வரலாறும் பொறியியலும் பேசலாம். எங்கே கிடைக்கும், எப்படிக் கழற்றுவது, என்ன விலை என்ற பேச்சு வந்தால் அந்தப் பதிவு போகும். வன்னிக்குப்போனவன் எழுதியதற்குக் கேலிப் பதில் போட்ட ஒருவரின் பதிவை நீக்கியிருக்கிறேன்.

ரோலர்ரூம்

வன்னித் தம்பி, உங்க அப்பப்பாவுக்கு என் வயசோ, மேலயோ இருக்கும். 77ல எங்க லயத்துலயும் மூணு குடும்பம் போச்சி. பொட்டிய தூக்கிக்கிட்டு ஸ்டேசனுக்கு நடந்தத பார்த்தவன் நான். உங்க சொல்லு சரி. நான் எழுதுறது மெசின் பத்தி மட்டும், அதுக்கு மேல எனக்குத் தகுதி இல்ல.

சரி, விட்ட இடத்துக்கு வர்றேன். ஏகே பொறக்கும்போதே இப்படி இருந்திச்சின்னு நெனைக்காதீங்க. 1949ல ரஷ்யாப் படை அதை ஏத்துக்கிச்சி. தகட்ட அழுத்தி உடம்பு செய்யிறதுதான் திட்டம், மலிவு. ஆனா அந்தக் காலத்துல அழுத்தின தகடு சரியா வரல, கழிச்சி போட்டது நெறைய. வேற வழியில்லாம முழு இரும்புக் கட்டிய கடைஞ்சி உடம்பு செஞ்சாங்க. 4 கிலோவுக்கு மேல கனம், செய்ய நேரம். பத்து வருசம் கழிச்சி 1959லதான் ஒரு மில்லிமீட்டர் தகட்டுல ஒழுங்கா செய்யக் கத்துக்கிட்டு ஏகேஎம் விட்டாங்க. எடை சுமார் 3.1 கிலோவுக்கு எறங்கிச்சி. "ஏகே" ன்னு உலகம் சொல்றது பெரும்பாலும் இந்தத் தகட்டுக்காரனதான். பத்து வருசம் அவங்களும் தடுமாறினாங்க. அந்தத் தடுமாற்றம் நாட்டுக்குள்ளயே நடந்திச்சி. எம்16 தடுமாறினது சண்டைக்களத்துல. வித்தியாசம் அதுதான், எனக்குத் தெரிஞ்சி.

அடுத்தது சேறு. ஏகேயோட வலப்பக்கம் அந்த நீட்டுத் தகடு, அதாங்க சேஃப்டி. அதைக் கீழ எறக்கினா மேல ஒரு நீட்டுச் சந்து தெறந்துரும். தண்ணி மாதிரி சேறு அந்த வழியா நேரா உள்ள எறங்கும். தூசிக்கு சமாளிக்கிற அந்த இடைவெளி, கொழகொழ சேத்துக்கு வாசல். எம்16க்கு அந்த இடத்துல சின்னக் கதவு ஒண்ணு ஸ்பிரிங் போட்டு மூடியிருக்கும். மூடின எம்16 சேத்துல விழுந்தா உள்ள போறது கொறைவு. ஆனா உள்ள போயிட்டா அவ்வளவுதான்.

எங்க ஃபெக்டரியில பழைய இங்கிலாந்து மெசினும் புது மெசினும் பக்கத்துல பக்கத்துல நிக்கும். பழசு தூசி தின்னும், எண்ணெய் குடிக்கும், நிக்காது, ஆனா தூள் ஒரு சீரா வராது. புதுசு சீரா வரும், ஒரு தும்பு சிக்கினா ஆள் கூப்பிடணும். ரெண்டையும் வச்சிக்கிட்டுதான் காலம் போச்சி.

வரலாற்று_வாத்தியார்

1949 என்று பிட்டர் அண்ணன் எழுதியதும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. அதே 1949இல்தான் சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோர் கலைக்கப்பட்டது. கண்டியைத் தலைமையகமாகக் கொண்ட, வெள்ளைக்காரத் துரைமார்களின் தொண்டர் படை. 1900இல் உருவானது. முதல் உலகப் போரில் எகிப்துக்கும் கலிப்போலிக்கும் போனது. துரை பங்களா சுவரில் லீ என்ஃபீல்ட் தொங்கிய காலம் அது. அதே 1949தான் நம் தாத்தாமாரிடமிருந்து வாக்குரிமை போன வருடமும். தொடர்பு ஒன்றும் இல்லை. ஆனால் வகுப்பில் ஒரே பலகையில் எழுதிக் காட்டுவேன்.

இலங்கைக் கதைக்கு வருகிறேன். 1971 கிளர்ச்சியின்போது நம் இராணுவத்தின் கையில் முக்கியமாக இருந்தது கைவலிக்கும் அந்த லீ என்ஃபீல்ட் .303தான். பிறகு எஸ்எல்ஆர், ஜி3. இரண்டும் 7.62க்கு 51 என்ற பெரிய ரவை. எண்பதுகளுக்குப் பிறகு ரி-56 பொதுத் துப்பாக்கியானது.

எஸ்எல்ஆர் பற்றி மாமாவிடம் சொல்லுங்கள். பெல்ஜியத்து ஃபால் துப்பாக்கியின் பிரித்தானிய வடிவம் அது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகள் ஃபாலை வைத்திருந்தன. உடைந்து கைவிடும் சாதனம் அல்ல. 1987இல் இந்திய அமைதிப்படை வந்தபோது, அவர்களின் கையில் இஷாப்பூரில் செய்த அதே வகை. ஒவ்வொரு ரவையாகத்தான் சுடும், மகசினில் 20. எதிரே புலிகளிடம் 30 ரவை ஏகே, தொடர்ந்து சுடும். நீளமான, 4 கிலோவைத் தாண்டிய துப்பாக்கியோடு யாழ்ப்பாணத்து ஒழுங்கைக்குள் திரும்புவதே சிரமம். அங்கே எஸ்எல்ஆர் நின்றுபோனதாக யாரும் சொல்லவில்லை. அது ஓடியது. அந்தச் சண்டைக்குத்தான் அது பொருந்தவில்லை. தொண்ணூறுகளில் இந்தியா அவசரமாக ஏகே வகைகளை வெளிநாடுகளில் வாங்கியதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

கொழுந்துக்கூடை

சேர் சொன்ன ஃபாலுக்கே மணலில் ஒரு கதை இருக்கு. இஸ்ரேல் 1967 போர்ல அதை வச்சிருந்திச்சி. பாலைவனத் தூசிக்கு அது தாங்கலன்னு முறைப்பாடு. எழுபதுகள்ல ஃபின்லாந்து ஏகேய அடிப்படையா வச்சி கலீல்ங்கிற துவக்க செஞ்சாங்க. எனக்கு ரொம்பப் புடிச்ச விசயம்: கலீல்ல சோடாப் போத்தல் திறக்கிற கொக்கி ஒண்ணு வச்சே செஞ்சாங்க. ஏன்னா சிப்பாய்மார் மகசின் உதட்டாலதான் போத்தல் மூடிய திறந்துக்கிட்டிருந்தாங்க. உதடு நெளியும், பிறகு ஜேம். மறுபடியும் மகசின்! தடுக்க முடியாதுன்னு தெரிஞ்சி ஒரு கொக்கிய வச்சிட்டாங்க பாருங்க, அந்த பொறியியலாளர் கையைக் குலுக்கணும்.

பிரித்தானியாக்காரன் கதை இன்னும் கேவலம். 1985ல எல்85ஏ1 துவக்கு. மகசின் விடுற பொத்தான் உடம்புல உரசினாலே மகசின் கீழ விழும். பூச்சி கடிக்காம இருக்க பூசுற தைலம் பட்டா பிளாஸ்டிக் பாகம் உருகும். (நம்ம ஆட்கள் அட்டைக்கு சவர்க்காரம் தேய்ச்சிக்கிட்டு மலைக்குப் போற மாதிரி அவனும் பூசியிருப்பான், பாவம்.) 1991 வளைகுடாப் போர்ல மணலுக்குள்ள அது பட்ட பாடு ஊர் சிரிச்சிச்சி. கடைசியில ஜெர்மனியோட ஹெக்லர் அண்ட் கொக் கம்பெனிக்கிட்ட கொடுத்து உள்பாகங்கள மாத்தி 2000களின் தொடக்கத்துல ஏ2 ஆக்கினாங்க. அதுக்கப்புறம் ஈராக், ஆப்கானிஸ்தான்ல ஒழுங்கா ஓடிச்சி. வெளித்தோற்றம் அதேதான், ஆனா பழைய பேரு இன்னும் போகல.

இந்தியாவோட இன்சாஸ் துவக்கு. 1999 கார்கில்ல குளிருக்கு பிளாஸ்டிக் மகசின் வெடிச்சிச்சின்னு முறைப்பாடு. 2005ல நேபாள இராணுவமும் ஒரு பெரிய தோல்விக்கு அப்புறம் இன்சாஸ குத்தம் சொன்னாங்க. இப்ப இந்தியா அமேதி பக்கத்துல கொர்வாவுல ரஷ்யாவோட சேர்ந்து ஏகே-203 செய்யுது.

மாத்தளை_மைனர்

அப்ப ஏகேதான் ஜெயிச்சிச்சு. மூடுங்க இழைய.

கொழுந்துக்கூடை

@மாத்தளை_மைனர் ஜெயிக்கிறதுன்னா என்னன்னு முதல்ல சொல்லுங்க. பாரத்தக் கணக்கு பண்ணுங்க. எம்16ஓட 5.56 ரவை ஒண்ணு சுமார் 12 கிராம். எஸ்எல்ஆரோட பெரிய ரவை அதுல ரெண்டு மடங்கு, ஏகே ரவை 16, 17. முன்னூறு ரவை தூக்கிக்கிட்டு மலை ஏறுறவனுக்கு 3.6 கிலோவா 5 கிலோவாங்கிறது கொழுந்துக் கூடை தூக்கினவளுக்குத் தெரியும். அதனாலதான் ரஷ்யாக்காரனே 1974ல 5.45 சின்ன ரவைக்கு மாறி ஏகே-74 செஞ்சான். எதிரிய பார்த்து கத்துக்கிட்டான். இன்னைக்கு ரஷ்யப் படையோட ஏகே-12உம் அதே சின்ன ரவைதான்.

மாத்தளை_மைனர்

அப்ப 2022ல அமெரிக்காக்காரன் 6.8னு பெரிய ரவைக்கு ஏன் போறான்? சிக் சாவர்கிட்ட புதுத் துப்பாக்கி ஒப்பந்தம் போட்டானே?

கொழுந்துக்கூடை

அது ஜேம் பிரச்சினைக்கு இல்ல. கவச உடுப்பையும் தூரத்தையும் யோசிச்சி. இதுல மறுபடி பாரம் கூடுது, மறுபடி மகசின்ல 20 ரவை. எஸ்எல்ஆர் காலத்துச் சண்டை திரும்பி வருது, வாத்தியார் சேருக்கு இன்னும் இருபது வருசத்துக்குப் பாடம் இருக்கு.

தியத்தலாவை_82

ஒரு விசயம் விட்டுப்போச்சி. குறி. ரி-56ல 300 மீட்டருக்கு அப்பால ஒரு பலகைய அடிக்கிறது எனக்கு லொத்தர் விழுற மாதிரி. எங்களோட இருந்த ஒருத்தர் வேற படைப்பிரிவுல எம்16 வகை பாவிச்சிட்டு வந்தவர். அவர் சொல்லுவார், "இது நம்புற மாதிரி ஓடும், நம்புற மாதிரி அடிக்காது." ஆனா ராத்திரி மழையில காவலுக்கு நிக்கச் சொன்னா எதை எடுப்பீங்கன்னு கேட்டேன். பதில் சொல்லாம ரி-56ஐ தோள்ல போட்டுக்கிட்டு போயிட்டார்.

வன்னிக்குப்போனவன்

இந்த இழையை விட்டுப் போக மனம் வரேல்லை. பிட்டர் ஐயா எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். பொட்டி தூக்கிக்கொண்டு போன மூண்டு குடும்பம் எண்ட இடத்தில "எந்தத் தோட்டமாம்?" எண்டு கேட்டவ.

நானும் ஒண்டு சொல்லுறன். சின்னனில வவுனியாப் பக்கம் சோதனைச் சாவடி வரிசையில நிண்டனாங்கள். எனக்கு முன்னால நிண்ட ஆமிக்காரற்ர ரி-56 சரியா என்ர கண் மட்டத்தில. தியத்தலாவை அண்ணை சொன்ன அந்த முன் வளையத்தை நான் அப்பதான் கிட்டப் பாத்தது. வளையத்துக்குள்ளால அங்கால நிண்ட ஒரு வேப்பமரம் தெரிஞ்சது. பிடங்கில கத்தி முனையால ஒரு பேர் கீறியிருந்தது, சிங்களத்தில. பொம்பிளைப் பேர். பேரை வாசிக்கத் தெரியும், எழுதமாட்டன். மகசினில கறுப்பு டேப் சுத்தியிருந்தது. அவருக்கு ஒரு பத்தொன்பது, இருபது வயதிருக்கும். ஒரு துணியை எடுத்து அந்தப் பேருக்கு மேல இருந்த புழுதியை மட்டும் துடைச்சவர். துவக்கின்ர மிச்சம் எல்லாம் புழுதிதான்.

நீங்கள் "துடைக்கிறது" பற்றி எழுத எழுத எனக்கு அதுதான் ஞாபகம்.

ரோலர்ரூம்

அம்மாகிட்ட சொல்லுங்க தம்பி, எங்க தோட்டம் தலவாக்கலைக்கும் லிந்துலைக்கும் நடுவுல. போன மூணு குடும்பத்துல ஒருத்தர் கவ்வாத்துல கெட்டிக்காரர், எல்லாரும் அவர் கத்தியதான் கேட்டு வாங்குவாங்க. பேரு இங்க வேணாம். தனிமடல் போட்டிருக்கேன்.

பனிக்காட்டான்

எல்லாருக்கும் நன்றி. இன்னைக்கு மறுபடி கடைக்குப் போனேன். மாமா அதே மேசை. வாத்தியார் சேர் சொன்ன 1967 குன்றுக் கதைய சொன்னேன், "அதத்தானே நானும் சொன்னேன்"னாரு. குரோம், வெடிமருந்து எல்லாம் சொன்னேன், "மருந்து கெட்டா மனுசனே நின்னுருவான்"னாரு. தோத்ததாவே தெரியல ஆளுக்கு.

கடைசியா பிட்டர் அண்ணனோட கிளாஸ் கணக்க காட்டலாம்னு ரெண்டு கிளாஸ ஒண்ணுக்குள்ள ஒண்ணு போட்டு, "பாருங்க மாமா, கொஞ்சம் தூக்கினா விட்டுரும்"னு இழுத்தேன். விடல. நல்லா இறுகிருச்சி. மாமா இழுத்தாரு, விடல. கடைக்காரர் கோபத்துல உள் கிளாஸ்ல சுடுதண்ணிய ஊத்தினாரு. டப்புன்னு வெளி கிளாஸ் ரெண்டாப் போச்சி. "இதான் உன் ஏகேயா?"ன்னு கடை முழுக்க சிரிப்பு. எண்பது ரூபா கட்டிட்டு வந்தேன்.

ரோலர்ரூம்

தப்பு என்னோடதுதான், காய்ஞ்ச கிளாஸ்ல செய்யணும்னு சொல்லாம விட்டுட்டேன். கழுவின ஈரத்தோட அடுக்கினா சரிவும் ஒட்டும், அதுக்குத்தான் அறைய துடைக்கச் சொல்றாங்க. அடுத்த தடவை இறுகினா உள் கிளாஸ்ல பச்சைத்தண்ணி ஊத்து, வெளிக் கிளாஸ சுடுதண்ணியில வை. உள்ளது சுருங்கும், வெளியது விரியும். கடைக்காரர்கிட்ட சொல்லி வை, எண்பது ரூபாய திருப்பித் தர மாட்டார்னாலும்.